புடவைக்கட்டோடு வந்த ஐயர்

எங்கள் உம்மம்மாவின் வாப்பா புடவைக்காரர். தலையில் கட்டைச் சுமந்துகொண்டு பசறை, நமுனுகுல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்குவார். கடனுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளில் போய்ப் பணம் வாங்குவார். வெளியாளை மறிக்கும் தோட்டத்துக் காவற்காரன் புடவைக்காரரை மட்டும் விட்டுவிடுவானாம். சிறுவயதில் இதைக் கேட்டு நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கோ. நடேசய்யரின் வாழ்க்கையை வாசித்தபோதுதான் அந்தப் புடவைக்கட்டின் பெறுமதி எனக்கு விளங்கியது.

கோதண்டராம நடேசய்யர் 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். வர்த்தகப் பத்திரிகை நடத்திய தொடர்பில் கொழும்புக்கு வந்தார். தோட்டத் தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் காண விரும்பினார். ஆனால் தோட்டம் துரையின் ஆட்சிக்குட்பட்ட இடம். அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் குற்றம். அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணாகும் ஒருவருக்குத் தன் வாசலுக்கு யார் வரலாம் என்று சொல்லும் உரிமை இல்லை. ஆகவே ஐயர் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனார். தஞ்சாவூர் ஐயர் ஒருவர் லயத்து வாசலில் சேலை விரித்து விலை பேசியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர் அங்கே கண்டது சிரிக்கக்கூடியதல்ல.

அன்றிருந்த சட்டத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். ஒரு வியாபாரி ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈடு கேட்டு வழக்கு. கொழுந்து பறிப்பவர் மீறினால் மறியல். இதனுடன் "துண்டு" முறையும் இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய கடதாசி அது. அதைத் தீர்க்க ஒப்புக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் அவர் மாறலாம். ஆளோடு சேர்ந்து கடனும் கைமாறியது. இவையெல்லாம் சட்டபூர்வமானவை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. துரையோ கங்காணியோ சட்டத்தை மீறவே தேவையில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் பல ஆண்டுகள் போராடிய பின், 1920களின் தொடக்கத்தில்தான் துண்டும் சிறைத்தண்டனையும் ஒழிந்தன.

நடேசய்யர் கொழும்பிலேயே தங்கி, தேசநேசனிலும் பின்னர் தேசபக்தனிலும் எழுதினார். 1925இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து உழைத்துவிட்டு, இந்தியத் தொழிலாளர் விடயத்தில் முரண்பட்டுப் பிரிந்தார்.

1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று வகுத்தார்கள். ஒரே மலையில் ஒரே மழையில் நின்ற பெண்ணுக்கு 11 சதம் குறைவு என்பதையும் உரிமை கொடுக்க வந்த சட்டமே எழுதி வைத்தது. (அந்தப் பெண்களுக்குச் சம சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. நம் உம்மாமார் பள்ளிக்கூடம் போன காலம் அது!) ஆனாலும் அந்தச் சட்டத்தை வைத்துக் கேள்வி கேட்கலாம். கேட்பதற்கு முதலில் அது இருப்பது தெரியவேண்டுமே! இங்கேதான் ஐயரை எனக்கு மிகவும் பிடிக்கிறது. தொழிலாளருக்கு விளங்கும் தமிழில் சட்டங்களை விளக்கிச் சிறு நூல்கள் போட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். படித்த பெண் ஒருத்தி மேடையேறிப் பாடுவதைச் சமூகம் விரும்பாத காலத்தில் அவர் அதைச் செய்தார். அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்படவேண்டும்.

1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஐயர் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். பின்னர் வேறு சங்கங்கள் முந்திக்கொண்டன. 1940இல் நம் பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டபோது முன்னின்றவர்கள் சமசமாஜக் கட்சியினர். கடைசிக் காலத்தில் ஐயருடன் இருந்தவர்கள் குறைவு. 1947 நவம்பரில் காலமானார்.

மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவர் யாருக்குச் சட்டத்தை விளக்கினாரோ அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனால் திருமணமானவர் 7 வருடமும் ஏனையோர் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கவேண்டும். லயத்தில் இருப்பவரிடம் என்ன உறுதி இருக்கும்?

உம்மம்மாவுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். நமுனுகுலப் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் நடந்தே வந்தாராம். கடன் தீர்க்க வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கேட்டது பழைய கணக்குக் கொப்பியை. எந்த வருடம், எந்தத் தோட்டம், எந்த லயம், யாருக்கு என்ன சேலை என்று அரபுத் தமிழில் எழுதியிருந்த கொப்பி அது. அதில் தன் மனைவியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது, இரண்டு ரூபாய் பாக்கியும் இருந்தது. உம்மம்மாவின் வாப்பா பாக்கியை வெட்டிவிட்டு, கொப்பியை அவரிடமே கொடுத்தனுப்பினார். அலுவலகத்தில் அதை ஏற்றார்களா என்று உம்மம்மாவுக்குத் தெரியாது. கொப்பி திரும்பி வரவில்லை.