ஹென்றி கிளிப்டன் சார்பி

இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் தொழிலை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆயினும் வார்த்த உலோகம் ஆறி இறுகுங்கால் அதனகத்தே நிகழ்வது யாதென்பதை முறிந்த முகத்தைப் பார்த்து ஊகித்தனரேயன்றித் தெளிவுறக் கண்டாரிலர். அதனைக் கண்டு காட்டியவர் சார்பி என்னும் ஆங்கிலேயர். அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சார்பி 1826-ம் ஆண்டு மே மாதம் 10-ம் நாள், கத்தி முதலிய கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஷெபீல்டு நகரின் அருகே பிறந்தார். 1847-ல் தந்தையார் இறந்தனர். அவர் விட்டுச்சென்ற பொருள் அளவாக வாழப் போதியதாயிருந்தது. சார்பி உத்தியோகம் தேடாமலும் மணம் புரியாமலும் ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்புவித்தார். 1849 முதல் கற்களை ஒளி ஊடுருவும்படி மெல்லிய தகடுகளாகத் தேய்த்து, பூதக்கண்ணாடியால் ஆராயத் தொடங்கினார். மலையைப் பூதக்கண்ணாடிகொண்டு பார்ப்பதா என்று சிலர் நகைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1857-ல் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது.

இரும்போ ஒளி புகாப் பொருள். ஆதலின் 1863-ல் அவர் வேறு வழி கண்டார். எஃகுத் துண்டைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, நீர் மிகக் கலந்த நைட்ரிக் அமிலத்தால் சிறிதே அரிக்கச் செய்து, மேலிருந்து விழும் ஒளியில் நோக்கினார். கல்லைப்போலவே எஃகும் பல படிகங்களின் தொகுதியெனக் கண்டார். 1864-ல் பாத் நகரிற் கூடிய அறிஞர் சபையில் இதனைக் காட்டினார். எவரும் மதித்திலர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவ்வுண்மை கேட்பாரற்றுக் கிடந்தது. அவர் எவரோடும் பிணங்காது பிற ஆராய்ச்சிகளில் முனைந்தார். 1878-ல் ஜெர்மனியில் மார்ட்டென்ஸ் என்பார் தாமாகவே இத்துறையிற் புகுந்தபின்னர் உலகம் விழித்தது. சார்பி மீண்டும் எஃகை எடுத்து, 650 மடங்கு பெருக்கி நோக்கினார். முத்துச்சிப்பிபோல் மின்னிய பகுதி, இரும்பும் இரும்புக் கரிச்சேர்க்கையும் மாறி மாறி அடுக்கிய நுண்தகடுகளென விளங்கிற்று.

இதன் பயன் யாது? ஒரே கலவையாயினும், மெல்ல ஆறின் அத்தகடுகள் தடிக்கும். விரைவில் ஆறின் மெலியும். செந்தழலாய்க் காய்ச்சி நீரில் தோய்ப்பின் தகடே தோன்றாது கடினமான ஊசியமைப்பு உண்டாகும். தகுந்த வார்ப்பிரும்பு மணலச்சில் மெல்ல ஆறுங்கால் கரி தனியே பிரிந்து, அறுக்க எளிதான சாம்பல்நிற இரும்பாகும். உலோக அச்சில் சட்டென ஆறினோ நொறுங்கும் வெள்ளிரும்பாகும். கலவை மட்டுமன்று, ஆறும் வகையும் உலோகத்தின் இயல்பை வகுக்கின்றது.

1905-ல் ஷெபீல்டு பல்கலைக்கழகம் தோன்ற உழைத்தவர்களுள் சார்பியும் ஒருவர். 1908-ம் ஆண்டு மார்ச்சு 9-ம் நாள் அவர் காலமானார். சார்பைட் என்னும் எஃகமைப்பு அவர் பெயரைத் தாங்குகின்றது.

1982-ல் அமெரிக்காவில் ஷெக்ட்மன் என்னும் அறிஞர், விநாடிக்குப் பத்து லட்சம் பாகை அளவில் ஆறச்செய்த அலுமினிய மாங்கனீசுக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். ஒழுங்குண்டு, ஆயினும் ஒரே உருவம் மீண்டும் மீண்டும் அடுக்கப்படாத குவாசிப்படிகத்தைக் கண்டார். அக்கலவையே மெல்ல ஆறியிருப்பின் சாதாரணப் படிகங்களே விளைந்திருக்கும். அவரையும் பலர் மறுத்தனர். 2011-ல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

கண்டதைக் கண்டவாறு கூறிப் பொறுமையுடன் காத்திருத்தலும் கல்வியின் பகுதியே. சார்பியின் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவாம்.