ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல்

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையைக் கண்டிராதவர் நம் கரிசற் சீமை மாணாக்கருள் அரியர். அச்சந்தைக்கு ஆடு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரும், சோதனைச்சாலையில் முயலுக்கு மருந்தூசி ஏற்றும் பேராசிரியரும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால் சிலர் வியப்பர். அதற்கு வழிகோலிய அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

எட்டயபுரத்துப் பாரதியார் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராயிருந்த 1904 ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி 29 ஆம் நாள், அதே மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பிரம்மஞான சங்கத்தைச் சார்ந்தவர். 1920 இல் ஜார்ஜ் அருண்டேல் துரையை மணந்ததும், அதனால் எழுந்த கூச்சலும், 1936 இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் கண்டதும் யாவரும் அறிந்தவை, ஆதலின் விரித்திலம். பரத நாட்டியத்தின் ஒளியில் அவரது மற்றொரு தொண்டு மங்கிப் போயிற்று என்பதே நம் குறை.

1952 இல் ராஜ்ய சபை அங்கத்தினராக நியமனம் பெற்ற அம்மையார், மறு ஆண்டே பிராணிவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தாமாகவே கொணர்ந்தார். அந்நாளில் வழங்கிய 1890 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தெருவிலும் பொதுவிடத்திலும் நிகழும் கொடுமையையே நோக்கிற்று. மாட்டை அடித்த எளியவன் அபராதம் கட்டினான். கதவடைத்த ஆய்வுக்கூடத்தினுள் நடப்பதைக் கேட்பாரில்லை. 1954 இல் பிரதமர் நேரு, சர்க்காரே குழு அமைத்துச் சட்டம் இயற்றும் என வாக்களித்து மசோதாவை மீட்டுக்கொள்ள வேண்டினார். அம்மையாரும் இசைந்தார். இத்தகைய வாக்குறுதிகள் காற்றிற் கலந்துபோவதே உலக வழக்கு. இதுவோ ஆறாண்டு கழித்தேனும் நிறைவேறிற்று.

1960 ஆம் ஆண்டின் அச்சட்டம் பரிசோதனையைத் தடுக்கவில்லை. நோய் தீர்க்கவும் உயிர் காக்கவும் புது அறிவு பெறவும் செய்வதை அனுமதித்தது. ஆயின், கற்பித்தற்கு நூலும் மாதிரியுருவும் திரைப்படமும் போதுமெனில் உயிரைத் தொடலாகாது. கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுத்தல் கூடாது. பெரிய பிராணிக்குச் சிறியது போதுமெனில் பெரியதை விடுக. மயக்கமருந்து தருக என்பன போன்ற நெறிகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க இடந்தந்தது. ஜீவகாருண்யமே விரதமாகக் கொண்டவர்க்கு இது முழு வெற்றியன்று. எனினும் அறிவாளியும் கணக்குக் காட்ட வேண்டியவனே என்பது இந்நாட்டில் அன்று எழுத்திலேறிற்று.

1962 இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு அம்மையாரே முதல் தலைவர். 1977 இல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தபோது மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார்.

பரிசோதனைக் கண்காணிப்புக் குழு 1964 இல் அமைந்தும் நெடுங்காலம் உறங்கியே கிடந்தது; அம்மையார் வாழ்நாளில் அது விழித்திலது. 1998 இன் விதிகளே ஆய்வு நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு வேண்டுமென்றும், அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் அமர வேண்டுமென்றும் வகுத்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2014 இல் விலங்கியல் வகுப்புகளில் அறுப்புப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிற்று. மெழுகுத் தட்டில் தவளையைக் குண்டூசியால் குத்தி வைத்த பழைய மாணவர் பலர் இவ்விதழைப் படிப்பர். அவர்தம் பேரர்கள் அதே தவளையின் இதயத்தைக் கணினித் திரையிற் காண்கின்றனர்.