தரிகொண்ட வெங்கமாம்பா அம்மையார்

திருமலைக்குச் சென்று வேங்கடவனைச் சேவிக்கும் நம் காலனிக் குடும்பங்களில், அங்குள்ள அன்னப்பிரசாதக் கூடத்தில் உண்ணாதார் அரியர். ஏறத்தாழ 4,000 பேர் ஒருங்கே அமர்ந்துண்ணும் அம்மாளிகை 2011-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பெற்றுள்ள பெயர் தரிகொண்ட வெங்கமாம்பா என்பதாகும். அப்பெயருக்குரியவர் அரசியல்லர், செல்வச் சீமாட்டியும் அல்லர். இளமையிலேயே கைம்மை எய்திய பெண்மணி அவர். பசியாறி எழும் நாம் அவர் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் கடமையன்றோ?

பழைய சித்தூர் ஜில்லாவில், வாயல்பாட்டுக்கு அண்மையிலுள்ள தரிகொண்ட என்னும் சிற்றூரில், 1730-ஆம் ஆண்டில், கிருஷ்ணய்யா, மங்கமாம்பா என்னும் அந்தணத் தம்பதியர்க்கு மகளாக அம்மையார் தோன்றினார். அக்கால வழக்கப்படி குழந்தைப் பருவத்திலேயே மணம் நிகழ்ந்தது. கணவரோ விரைவில் காலமானார்.

கைம்பெண் தலை மழித்துக் குங்குமம் நீத்து மூலையில் ஒடுங்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. அம்மையார் அதற்கு இசைந்தாரில்லை. வேங்கடேசனே தம் நாயகன் என்றும், அந்நாயகனுக்கு அழிவில்லையாதலின் தமக்குக் கைம்மையும் இல்லை என்றும் அவர் துணிந்தார். கூந்தலையும் குங்குமத்தையும் கைவிடவில்லை. சுற்றத்தார் வருந்தினர், ஊரார் ஏசினர். அவர் உறுதி தளரவில்லை. சட்டமும் சங்கமும் துணை நில்லாத காலத்தில் தனியொரு பெண் காட்டிய இத்துணிவு சிறிதன்று.

மதனப்பள்ளியில் வாழ்ந்த சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு யோகமும் வேதாந்தமும் உபதேசித்தார். முறையாக எழுத்துப் பயிலாதவர் என்று தம்மைத் தாமே கூறிக்கொண்ட அம்மையார், தரிகொண்ட நரசிம்மப் பெருமான்மீது சதகம் பாடினார். பின்னர் யட்சகானங்களும் இயற்றினார்.

பிறந்த ஊரைத் துறந்து திருமலையை அடைந்த பின்னரும் இடையூறுகள் தொடர்ந்தன. ஆகவே, தும்புரு கோனை என்னும் மலைச் சரிவிற்குச் சென்று சில ஆண்டுகள் தவமிருந்தார் என்பர். மீண்டு வந்து வேங்கடாசல மாகாத்மியம், துவிபத பாகவதம், வாசிஷ்ட ராமாயணம் முதலிய நூல்களைத் தெலுங்கில் யாத்தார். நரசிம்ம ஜயந்தி விழாவில் அடியார்க்கு அன்னமிடும் தருமத்தையும் நடத்தினார். அன்னக்கூடம் அவர் பெயர் தாங்கி நிற்பது எத்துணைப் பொருத்தம்! 1817-இல் திருமலையிலேயே சமாதி எய்தினார். அவர் பிருந்தாவனத்தை இன்றும் அங்கே காணலாம்.

தமிழராகிய நாம் உவக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சாமவை என்னும் பல்லவ அரசி 966-ஆம் ஆண்டில் வெள்ளித் திருமேனியொன்றைத் திருமலைக் கோயிலுக்கு அளித்தார். அக்கொடையைக் கூறும் கல்வெட்டு தமிழிலேயே அமைந்துள்ளது. மார்கழி நீங்கலாக, இரவுதோறும் ஏகாந்த சேவையில் பள்ளிகொள்வது அத்திருமேனியே. அவ்வேளையில் காட்டப்பெறும் முத்தியால ஹாரத்தியோ வெங்கமாம்பா பெயரால் நிகழ்வது. தமிழ்க் கல்வெட்டில் வாழும் அரசியும் தெலுங்குக் கவி பாடிய கைம்பெண்ணும், எட்டு நூற்றாண்டு இடைவெளியைக் கடந்து, ஒரே சந்நிதியில் சந்திக்கின்றனர்.

மன்னர் பெயர்களை மனனம் செய்யும் நம் சிறார், இவ்விரு பெண்மணிகளின் பெயர்களையும் அறிவாராக. அடுத்த முறை மலையேறும்போது, அன்னையர் தம் புதல்வியர்க்கு அவ்வாயிலில் நின்று இவ்வரலாற்றைச் சொல்வாராக.

வாழ்க வெங்கமாம்பா திருப்பெயர்!