ராஜசிம்ம பல்லவன்

எகிப்து தேசத்துப் பிரமிடுகளைப் பற்றி நம் வாலிபர்கள் வியந்து பேசுகிறார்கள். வியப்பது தகும். சுமார் 4,500 வருஷங்களுக்கு முன் கூபு என்னும் மன்னனின் சமாதிக்காக ஏறக்குறைய 23 லக்ஷம் கற்களை அடுக்கியவர்கள் சாமானியர் அல்லர். ஆனால் காஞ்சியின் மேற்கே, நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தை அடுத்து நிற்கும் கைலாஸநாதர் ஆலயத்தைக் கட்டுவித்த அரசனின் சரித்திரத்தை அறிந்தவர் எத்தனை பேர்? திருப்புட்குழி விஜயராகவனைச் சேவித்துக் காஞ்சிக்கு வரும் யாத்திரிகரிலும் பலர் வரதரோடும் ஏகாம்பரரோடும் திரும்பிவிடுகின்றனர்.

அவ்வரசன் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மன். 642-ல் மாமல்லன் வாதாபியை வென்றதற்கு முன்பிருந்தே பல்லவருக்கும் சளுக்கருக்கும் தீராப் பகை மூண்டிருந்தது. ராஜசிம்மனின் தந்தை பரமேசுவரவர்மன் காலத்தில் சளுக்கர் காஞ்சியைக் கைக்கொண்டனர். பெருவளநல்லூர்ப் போரில் வென்று அவன் நாட்டை மீட்டான். காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கருங்கற்களை அடுக்கி ஒரு சிவாலயமும் எடுப்பித்தான். யுத்தத்தின் நடுவே வளர்ந்த மைந்தன், சுமார் 700-ல் முடி சூடியபின் சமாதானத்தையே தன் செல்வமாகக் கொண்டான். 720-ல் சீனச் சக்கரவர்த்தியிடம் தூது அனுப்பினான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் பணியே.

முதலாம் மகேந்திரவர்மன் மலையைக் குடைந்து கோயில் கண்டவன். குடைவதற்குக் கல்லைப் பெயர்க்க வேண்டுவதில்லை. கட்டுவதோ வேறு வித்தை. பாறையில் வரிசையாகக் குழியிட்டு, ஆப்பு அடித்துப் பிளந்து, இழுத்து வந்து, உயர ஏற்றி, விளிம்போடு விளிம்பு பொருத்த வேண்டும். பாரத்தையும் ஈரத்தையும் தாங்க அடித்தளத்தில் கருங்கல்லை வைத்தனர். உளிக்கு இணங்கும் மணற்கல்லால் மேற்பகுதியை எழுப்பினர். ஒவ்வொரு வரிசையையும் சிறிது உள்வாங்கி வைத்து விமானத்தைக் குவித்தனர். மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்களை அமைத்தனர். அரசி ரங்கபதாகையும் மகன் மகேந்திரனும் முன்புறத்தில் தங்கள் பங்கிற்குக் கோயில் எடுத்தனர்.

பெரியபுராணம் கூறும் காடவர்கோன் இவனே என்பது அறிஞர் பலரின் துணிபு. திருநின்றவூர்ப் பூசலார் என்னும் ஏழை அடியார் பொருளின்றி மனத்துக்குள்ளேயே ஆலயம் கட்டி முடித்தார். அதன் குடமுழுக்கு நாளும் அரசன் குறித்த நாளும் ஒன்றாயின. அடியாரின் கோயிலுக்கே தான் செல்வதாக இறைவன் அரசனின் கனவில் உரைத்தான். மன்னன் சினந்தானில்லை, அவரைத் தேடிச் சென்று வணங்கினான்.

சுமார் 728-ல் ராஜசிம்மன் மறைந்தான். பின்னர்ச் சளுக்க இரண்டாம் விக்கிரமாதித்தன், முன்னோர் பழியைத் தீர்க்கக் காஞ்சியுள் புகுந்தான். வாதாபிக்கு நேர்ந்ததைக் காஞ்சிக்கும் செய்திருக்கலாம். ஆனால் கைலாஸநாதர் ஆலயத்தின் செல்வத்தைக் கண்டும் கவராமல் கோயிலுக்கே திருப்பி அளித்து, அதைக் கன்னடத்தில் கல்லில் பொறித்துச் சென்றான். கோட்டை காவாத இடத்தில் கலை காத்தது! அவன் தேவி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விரூபாக்ஷர் ஆலயம் காஞ்சியின் சாயலோடு இன்றும் விளங்குகிறது.

இங்கே ஒரு குறையையும் கூறாதிருத்தல் இயலாது. கைலாஸநாதர் ஆலயத்துச் சிற்றாலயங்களில் ராஜசிம்மனின் விருதுப் பெயர்கள் ஏறக்குறைய 250 வெட்டப்பட்டுள்ளன. அவற்றை வெட்டிய கை எவருடையது? ஸ்தபதியின் பெயர் அங்கே இல்லை. பட்டடக்கல்லிலோ குண்டன் என்றும் சர்வசித்தி ஆசாரி என்றும் சிற்பிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பகைவன் நாடு செய்த மரியாதையை நாம் செய்தோமில்லை.

மன்னனைப் போற்றுவோம், அவன் போற்றத் தக்கவனே. ஆயினும் முடியை மட்டும் நினைந்து உளியை மறக்கும் தேசம், தன் முன்னோர் கட்டியதைப் பார்த்து வியக்குமேயன்றித் தானாக ஒன்றைக் கட்டாது. மணற்கல் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து வருகிறது. அதைக் காக்கும் கலையும் கல் தச்சன் கையில்தான் இருக்கிறது. அக்கையை மதித்து வாழவைப்பதே ராஜசிம்மனுக்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடு.