நாஸியா ஹசன்: ஒரு பாட்டுக்குள் அடங்காத வாழ்க்கை

1980களின் தொடக்கத்தில் அவிநாசி, திருப்பூர் பக்கம் டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீடுகளில் இரண்டு வகை கேசட்டுகள் இருக்கும். ஒன்று நாகூர் ஹனிபா. இன்னொன்று, சபுர் போய் வந்த யாராவது வாங்கி வந்த இந்திப் பாட்டு. இந்தி யாருக்கும் தெரியாது. வீட்டில் உருது பேசும் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அர்த்தம் சொல்வார்கள். 'குர்பானி' படத்தின் 'ஆப் ஜைசா கோயி' பாட்டுக்கு மட்டும் அர்த்தம் யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில், டீக்கடையில், டூரிங் டாக்கீஸில் படம் போடுவதற்கு முன்பு என்று எங்கும் ஒலித்த அந்தக் குரல் ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் குரல் என்பதும் பலருக்குத் தெரியாது.

நாஸியா ஹசன் 1965 ஏப்ரல் 3 அன்று கராச்சியில் பிறந்தார். தந்தை பஸீர் ஹசன் வியாபாரி. தாய் முனீஸா பஸீர் சமூக சேவகி. கராச்சியிலும் லண்டனிலுமாக வளர்ந்த நாஸியா, சிறுவயதில் தம்பி ஸோஹைபுடன் பாகிஸ்தான் தொலைக்காட்சியின் குழந்தைகள் இசை நிகழ்ச்சியில் பாடியிருக்கிறார். மற்றபடி முறையான சங்கீதப் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை.

லண்டனில் நடந்த ஒரு விருந்தில் இந்தி நடிகரும் இயக்குநருமான ஃபெரோஸ் கான் அவரைச் சந்தித்தார். 'குர்பானி'யின் மற்ற பாடல்களுக்கு கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசை. ஒரு பாட்டை மட்டும் லண்டனில் இருந்த பித்துவிடம் கொடுத்தார் கான். பித்து நம் பக்கத்து ஊர்க்காரர்தான். பெங்களூரில் பிறந்து, 1960களில் லண்டன் போய், 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங்ஃபூ ஃபைட்டிங்' மூலம் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். லதாவும் ஆஷாவும் ஆண்ட இந்தித் திரையுலகில், லேசாக மூக்கால் பாடுகிற ஒரு சிறுமியின் குரலை அவர் துணிந்து பயன்படுத்தினார். படம் 1980இல் வெளியானது. அடுத்த ஆண்டு, பெண் பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது நாஸியாவுக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் அத்தனை இளம் வயதில் விருது வாங்கியவர் அதுவரை யாருமில்லை. பாகிஸ்தானியர் ஒருவர் அதை வாங்கியதும் அதுவே முதல் முறை.

1981இல் அக்காவும் தம்பியும் பித்துவுடன் சேர்ந்து 'டிஸ்கோ தீவானே' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். சினிமா இல்லாமல் பாட்டுக் கேசட் விற்காது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை இந்த ஒரு கேசட் உடைத்தது. இந்தியாவில், பாகிஸ்தானில், தொலைதூர பிரேசிலில்கூட அது விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் 'இண்டிபாப்' என்று பெயர் பெற்ற முழு வியாபாரத்துக்கும் பாதை போட்டது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1990களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1982இல் 'ஸ்டார்' வந்தது. பாட்டுகள் ஓடின, படம் ஓடவில்லை. அதில் நடிக்கவும் அக்கா தம்பி இருவரையும் அழைத்தார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு 1984இல் 'யங் தரங்', 1987இல் 'ஹாட்லைன்'.

இதே காலத்தில் பாகிஸ்தானில் ஜியாவுல் ஹக் ஆட்சி. தொலைக்காட்சியில் ஆட்டம் பாட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடு. ஜியா இறந்த பிறகு, 1989இல் நாஸியாவும் ஸோஹைபும் தொகுத்து வழங்கிய ஓர் இசை நிகழ்ச்சிக்கு அங்கே பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. பாட்டு கூடுமா கூடாதா என்ற விவாதம் நம் வீடுகளிலும் இன்றுவரை இருக்கிறது. அதை நான் இங்கே திறக்கப் போவதில்லை. அந்தப் பெண் அடுத்து என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

புகழின் உச்சியில் இருந்தபோதும் அவர் படிப்பை விடவில்லை. லண்டனில் வணிக நிர்வாகமும் பொருளாதாரமும் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். 1991இல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில், அரசியல் மற்றும் பாதுகாப்பு மன்ற விவகாரங்களுக்கான பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பாட்டுப் பாடிச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெண், ஓர் அலுவலக மேசைக்கு விரும்பிப் போய் உட்கார்ந்தார். 1992இல் வந்த 'கேமரா கேமரா'தான் கடைசி ஆல்பம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதையும் போதைப்பொருளுக்கு எதிரான பிரசாரமாகவே வெளியிட்டார்கள். கராச்சியின் ஏழைக் குழந்தைகளுக்காகவும் போதையில் சிக்கிய இளைஞர்களுக்காகவும் அவர் தொடர்ந்து வேலை செய்தார்.

பித்து 1995இல் இசையமைத்து, அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா' நினைவிருக்கிறதா? அந்தப் பாட்டு முதலில் நாஸியாவுக்குத்தான் வந்தது என்பார்கள். சொந்த நாட்டு மக்களின் மனம் புண்படும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டாராம். எல்லைக்கு இந்தப் பக்கம் விருதும் அந்தப் பக்கம் வீடுமாக வாழ்ந்த ஒருவருக்கு இப்படியும் சங்கடங்கள் வரத்தான் செய்யும்.

அதே 1995இல் கராச்சியில் நிகாஹ் நடந்தது. 1997இல் ஒரு மகன் பிறந்தான். மண வாழ்க்கை நிம்மதியாக அமையவில்லை. கூடவே நுரையீரல் புற்றுநோய். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் மணவிலக்கு முடிந்தது. மகனுக்கு அப்போது மூன்று வயது. 2000 ஆகஸ்ட் 13 அன்று, 35 வயதில், வடக்கு லண்டனில் நோய் முற்றியவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் நாஸியா காலமானார். லண்டன் ஹெண்டன் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

2002 மார்ச் 23 அன்று பாகிஸ்தான் அரசு அவருக்கு 'பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்' விருதை அறிவித்தது. இஸ்லாமாபாத்தில் நடந்த விழாவில் மகளுக்காக மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர் தாய் முனீஸா. 2012இல் ஓர் இந்திப் படத்தில் 'டிஸ்கோ தீவானே' மறுபடி ஒலித்தது. அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் புதுப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடியபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.