கடல் கடந்த தமிழரைத் தேடிச் சென்ற தனிநாயகம் அடிகள்



நம் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து அந்நாளில் அநேகர் பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். இந்நாளில் சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் போகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிப் போன பிள்ளை உண்டா? அங்கே வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகுமோ என்று கலங்குகிறீர்களா? அப்படியானால் சங். சேவியர் தனிநாயகம் அடிகளின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

அவர் 1913-ஆம் வருடம் ஆகஸ்டு 2-ந் தேதி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறையில் பிறந்தார். கொழும்பிலும் உரோமாபுரியிலும் படித்துக் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலம், இலத்தீன் முதலிய மொழிகள் அவருக்குக் கைவந்தன. தமிழ் இலக்கியத்தையோ அவர் ஆழ்ந்து கற்றிருக்கவில்லை. 1940-ல் வடக்கன்குளம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராய் அமர்ந்த பின்புதான், ஒரு பண்டிதரை அண்டித் தமிழ் படித்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். குருவானவர் மறுபடி மாணவரானதை அவர் தாழ்வாக எண்ணவில்லை.

தாம் கண்டடைந்த செல்வத்தை அவர் ஒளித்து வைக்கவுமில்லை. தமிழரின் பண்பாட்டைப் பிற நாட்டார் அறியும்படி 1952-ல் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைத் தலைவரானார். 1964-ல் அறிஞர் சிலரோடு சேர்ந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உண்டாக்கினார். 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது அவருடைய முயற்சியாலேயே.

தூர தேசங்களில் சிதறிய தமிழரையும் அவர் மறக்கவில்லை. 1853 முதல் 1883 வரை காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களிலிருந்து மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிக்காரரின் வரலாற்றை ஆராய்ந்தார். அவர்கள் சந்ததியாரிடம் தமிழ்ப் பெயர்களும் சில வழக்கங்களும் நிலைத்தன, பேச்சோ மறைந்தது. மலாயாவிலோ தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளிகள் எழும்பின. ஊருக்கு வருவதும் போவதும் நிற்கவில்லை. அங்கே தமிழ் வாழ்கிறது.

இதில் நமக்குள்ள பாடத்தைக் கவனியுங்கள். இரத்தத்தோடு மொழி தானாய் வருவதில்லை. கற்பித்தால் நிலைக்கும், விட்டால் போய்விடும். விசுவாசமும் அப்படியே.

அடிகள் 1980-ஆம் வருடம் செப்டம்பர் 1-ந் தேதி சர்வேசுரனடியில் இளைப்பாறினார்.

ஆகையால் தாய்மாரே, தகப்பன்மாரே, ஞாயிறுதோறும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, நலம் விசாரித்ததோடு நிறுத்தாதீர்கள். பேரப்பிள்ளைகளோடு ஒரு பத்து மணி செபமாலையாவது தமிழில் சொல்லுங்கள். விடுமுறைக்கு வந்தால் அரிச்சுவடியைக் கையில் கொடுங்கள். வயதாகிவிட்டது, இனி எப்படிக் கற்பார்கள் என்று சொல்லாதீர்கள். அடிகள் தமிழ் இலக்கியத்தைக் கற்கத் தொடங்கியது குருவான பிறகே அல்லவா?