எத்தியேன் ஜில்சோன்

பிரெஞ்சு தேசத்துப் பாரீஸ் நகரில் 1884-ம் ஆண்டு பிறந்தவர் எத்தியேன் ஜில்சோன். அவர் கற்ற சொர்போன் சர்வகலாசாலையில், பழைய கிரேக்கருக்குப் பின் தெக்கார்த் தோன்றும் வரை தத்துவ சாஸ்திரமே இல்லை என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. இடைக்காலத்து வேதபாரகரை வாசிப்பார் அரிது. அங்கே லெவி-புருல் என்னும் யூத குலத்துப் பேராசிரியர், தெக்கார்த் அந்தப் பழைய ஆசிரியரிடமிருந்து பெற்றது என்னவென்று ஆராயும்படி இவரை ஏவினார். ஜில்சோன் ஆராய்ந்தார்; வியந்தார். புதியவை என்று போற்றப்பட்ட கருத்துகள் பலவற்றின் ஊற்று பழைய ஏடுகளில் இருந்தது. அங்கே அவை அதிகச் செழுமையோடும் இருந்தன. 1913-ல் அந்த ஆராய்ச்சியே அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது.

முதல் மகாயுத்தத்தில், 1916-ல், வெர்டன் போர்முனையில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். சிறைமுகாமிலும் அர்ச். பொனவெந்தூரைப் படித்தார். யுத்தத்திற்குப் பின் சொர்போனிலேயே இடைக்காலத் தத்துவத்தைப் போதித்தார். 1929-ல் கனடாவின் டொராண்டோவில் பசிலியன் சபைக் குருக்களோடு சேர்ந்து இடைக்கால ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார். 1939-ல் அதற்குப் பாப்பரசரின் சாசனம் கிடைத்தது. 1946-ல் பிரெஞ்சு அக்காடெமி அவரை அங்கத்தினராகத் தெரிந்தெடுத்தது. 1978-ல், தமது 94-ம் வயதில் மரித்தார்.

அவர் குருவல்ல; மனைவி மக்களுடன் வாழ்ந்த இல்லறத்தார். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸை அறியாமலே ஒதுக்கிய படிப்பாளிகளின் முன், ஏடுகளைத் திறந்து காட்டினார்.

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் வேதத்தைப் பழங்கதை என்பாரைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் பதில் சொல்லக் கற்றிருக்க வேண்டும். புதுநன்மைக்குப் படித்த ஞானோபதேசத்தோடு நிறுத்திக்கொண்டால் அது கூடுமா?